மீனைப் படம் பிடிக்கப் போய்க் கற்ற பாடம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அவற்றை நன்றாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது கால் மணி நேரம். அந்த நேரத்தில் நான் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! சந்தையில் விற்கிற மீன் அல்ல. கடலுக்குள் உயிரோடு நீந்துகிற மீன்.

நான்காம் ஆண்டு வகுப்பறையின் பின்சுவரில் பதினொரு மீன் படங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்களில் பலர், "சார், இதெல்லாம் காலண்டர்ல வெட்டி எடுத்ததா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இல்லையம்மா, நானே எடுத்தவைதான். பதினொன்றும் நன்றாக வந்தவை. நன்றாக வராத படங்கள் வீட்டில் ஓர் உறையில் கிடக்கின்றன. இன்று நான் பேச வந்தது பெரும்பாலும் அந்த உறைக்குள் இருப்பவற்றைப் பற்றித்தான்.

நானும் உங்களைப் போலத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் ஆறு உண்டு, குட்டை உண்டு. ஆனால் தண்ணீர்ப் பக்கம் போனால் அம்மாவின் கையில் விளக்குமாறு வந்துவிடும். அந்தப் பயம் நியாயமானதுதான். நீச்சல் தெரியாத பிள்ளைக்குத் தோட்டத்துக் குட்டை எமன். அதனால் பயிற்சிக் கழகத்தில் படித்து, சான்றிதழ் பெற்று, வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் எனக்கு நீந்தத் தெரியாது. 2016-ஆம் ஆண்டில்தான், முப்பது வயதில், பட்டணத்துப் பொது நீச்சல் குளத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அடுத்த ஆண்டு, 2017 ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், ஆசிரிய நண்பர்கள் நால்வர் பெர்ஹெந்தியான் தீவுக்குப் புறப்பட்டோம். கிரிக்கிலிருந்து ஜெலிக்கு மலைப்பாதை வழியாகப் போய், திரங்கானு மாநிலத்துக் கோலா பெசுட் படகுத் துறையில் இறங்கினோம். அங்கிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் தீவுக்குப் போய்விடலாம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு தீவுகள். சுற்றியுள்ள கடல் 1994-ஆம் ஆண்டு முதல் கடல் பூங்கா. கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் மீன் பிடிக்கச் சட்டப்படி தடை. அதனால்தான் அங்கே மீன்கள் மனிதனைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை. 'பெர்ஹெந்தியான்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு 'நிற்குமிடம்' என்று பொருள். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது விளங்க ஓராண்டு பிடித்தது.

நான் கொண்டு போன காமிரா மிகவும் எளியது. ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் காமிரா. தண்ணீர் புகாத கூட்டுக்குள் இருக்கும். பத்து மீட்டர் ஆழம் வரை தாங்கும். உள்ளே படச்சுருள் உண்டு. இருபத்தேழு படம் எடுக்கலாம். விளக்கு கிடையாது, தூரம் சரி செய்யும் வசதி கிடையாது. விசையை அழுத்த வேண்டும், பிறகு சக்கரத்தைத் திருக வேண்டும், அவ்வளவுதான். நண்பர் ஒருவர் தம் கைத்தொலைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு வந்தார். முதல் நாளே பையில் தண்ணீர் புகுந்தது. தொலைபேசி போனது போனதுதான்.

முகக்கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். அம்மாடி! இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி நாலு வீச்சு நீந்தியதும் ஓர் ஊரே தெரிந்தது. மஞ்சள் மீன், நீல மீன், கோடு போட்ட மீன், புள்ளி வைத்த மீன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மீனைப் பார்த்ததும் அதன் பின்னால் பாய்ந்தேன். அது போயிற்று. இன்னொன்றின் பின்னால் பாய்ந்தேன். அதுவும் போயிற்று. விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் பதினெட்டுப் படம் தீர்ந்துவிட்டது.

இனிமேல் நான் சொல்லப் போவது எனக்கே வெட்கமான சங்கதி. ஆழமில்லாத இடத்தில் ஒரு பவளத் திட்டு இருந்தது. அதன் ஓரத்தில் பெரிய கிளி மீன் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கை ஆடாமல் படம் எடுக்க வேண்டுமே என்று அந்தத் திட்டின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். காலடியில் 'படக்'கென்று முறிந்தது. படகிலிருந்து மலாய்க்காரப் பெரியவர் கத்தினார்: "ஜாங்ஙான் பீஜாக் காராங், சிக்கு!" பவளத்தை மிதிக்காதே என்று. குனிந்து பார்த்தேன். மான்கொம்பு போலக் கிளைத்திருந்த பவளம், என் இரண்டு பாதம் அளவுக்கு நொறுங்கிக் கிடந்தது.

பவளம் என்றால் கல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கல் இல்லை, உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கிற கூட்டுக் குடும்பம். உள்ளே இருக்கும் சுண்ணாம்பை அவைதாம் கட்டுகின்றன. உயிருள்ள பகுதி மேலே மெல்லிய தோல் போலத்தான் இருக்கிறது. கிளைப்பவளம் நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் போல வளரலாம். உருண்டைப் பாறை போல இருக்கிற வகையோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது.

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மரத்துக்குப் பால் பட்டையில்தான் இருக்கிறது. கத்தி ஓர் இழை ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அப்பா இருட்டில் நெற்றி விளக்கோடு போய், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம் வெட்டுவார். "பால் நெறைய வரணும்னு கத்திய அழுத்தாதடா, நாளைக்கும் மரம் வேணும்" என்று சொல்லுவார். அந்த அப்பாவின் பிள்ளை நான், ஒரு படத்துக்காக இரண்டு காலையும் அழுத்தி நின்றேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழுவக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தது. இருபத்தேழில் பத்தொன்பது படங்களில் மீனின் வால் மட்டும் இருந்தது. ஐந்தில் வெறும் நீலம். இரண்டில் என் விரல். பவளத்தை முறித்து எடுத்தேனே, அந்தக் கிளி மீன்? அதற்குத் தலையே இல்லை!

ஏன் இப்படி என்று புத்தகம் தேடிப் படித்தேன். மாணவர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அறிவியல் பாடத்துக்கு உதவும்.

முதலாவது, தண்ணீர் நம் கண்ணை ஏமாற்றும். ஒளி தண்ணீரிலிருந்து கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது வளைகிறது. அதனால் நாலடி தள்ளி இருக்கிற மீன் மூன்றடியில் இருப்பது போலத் தோன்றும், பெரிதாகவும் தோன்றும். எளிய காமிராவின் வில்லையோ அகன்ற காட்சியைப் பிடிப்பது. கண்ணுக்குத் தட்டளவு தெரிந்த மீன் படத்தில் நகமளவு ஆகிவிடும்.

இரண்டாவது, தண்ணீர் நிறத்தைத் தின்னும். முதலில் போவது சிவப்பு. ஐந்து மீட்டருக்குள்ளேயே அது பெரும்பாலும் மங்கிவிடும். மேலிருந்து இறங்குகிற தூரம் மட்டும் கணக்கில்லை. மீனிலிருந்து காமிராவுக்கு வருகிற தூரமும் கணக்கு. ஆகவே ஆழம் குறைந்த இடத்தில், வெயில் உச்சிக்கு ஏறிய பத்து மணிக்கு மேல் இரண்டு மணிக்குள், மீனுக்கு மிக அருகில் இருந்து எடுத்தால்தான் நிறம் வரும். அதிலும் ஓர் அளவு உண்டு. இந்தக் காமிராவுக்கு ஒரு மீட்டருக்குக் குறைவாக நெருங்கினால் படம் கலங்கிவிடும்.

மூன்றாவது, நாம் பார்க்கிற துளை வேறு, படம் பிடிக்கிற வில்லை வேறு. துளை மேலே, வில்லை கீழே. எட்டத்தில் இருப்பதை எடுக்கும்போது இது தெரியாது. கிட்டத்தில் எடுக்கும்போது, துளையில் முழுதாகத் தெரிகிற மீனின் தலை படத்தில் வெட்டுப்படும். காமிராவை ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கிளி மீன் தலையை இழந்த கதை இதுதான்.

இந்த மூன்றையும் காமிராவைத் தெரிந்தவர் யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான்காவது ஒன்று உண்டு. அதை மீன்தான் சொல்லிக் கொடுத்தது.

2018 ஆகஸ்டில் மறுபடியும் அதே தீவுக்குப் போனேன். இந்தத் தடவை உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையைக் காலை அடிக்காமல், தண்ணீரின் மேல் குப்புறப் படுத்து மிதந்தேன். காமிரா கழுத்துக்குக் கீழே தொங்கியது. விசையைத் தொடவில்லை. முதலில் எல்லா மீனும் விலகிப் போயின. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. நான் ஒரு மிதக்கிற கட்டை என்று நினைத்தனவோ என்னவோ, ஒவ்வொன்றாகத் தத்தம் வேலைக்குத் திரும்பின.

பிறகு நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட சின்ன மீன் ஒன்று ஒரு பாறை முனையில் ஆடிக்கொண்டிருந்தது. அதனிடம் பெரிய பெரிய மீன்கள் வந்து, நம் தோட்டத்து மருந்தகத்தில் வரிசை பிடிக்கிற மாதிரி நின்றன. சின்ன மீன் அவற்றின் செவுளிலும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்தது. அதை ஒரே கடியில் விழுங்கக்கூடிய மீன், வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றது.

வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாக வந்தன. கிளி மீன் தன் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டுகிற 'கறுக் கறுக்' என்ற சத்தம் காதில் கேட்டது. பாசியோடு சேர்த்து அது விழுங்குகிற சுண்ணாம்பு தொண்டையில் அரைபட்டு வெள்ளை மணலாக வெளியே வருகிறது. ஒரு பெரிய கிளி மீன் ஓர் ஆண்டில் நூறு கிலோவுக்கும் மேல் மணல் தரக்கூடும். நாம் தீவில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு, கிளி மீனின் கழிவு!

பிள்ளைகள் 'நீமோ' என்று சொல்கிற கோமாளி மீனைத்தான் நான் முதலில் ஒழுங்காகப் படம் எடுத்தேன். புதிதாகக் கற்பவனுக்கு அதைப் போல் நல்ல ஆசிரியர் இல்லை. ஏனென்றால் அது வீட்டை விட்டு ஓடாது. கடற்சாமந்தி என்கிற, கொட்டும் விரல்களுடைய ஒரு பிராணிதான் அதற்கு வீடு. மற்ற மீன்களைக் கொட்டுகிற அந்த விரல்கள் கோமாளி மீனை ஒன்றும் செய்வதில்லை. ஆளைக் கண்டால் உள்ளே ஒளியும். சற்று நேரத்தில் எட்டிப் பார்க்கும். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முகத்துக்கு நேரே வரும். தாய் மீன் கடற்சாமந்தியின் அடியில் முட்டையிட்ட பிறகு, ஏறத்தாழ ஒரு வாரம் அதற்குச் செட்டையால் விசிறிக் காவல் காப்பது பெரும்பாலும் தகப்பன் மீன். இங்கே கடைசி வரிசையில் நிற்கிற அப்பாமார்கள் இதைக் கவனிக்கவும்.

அன்று இரண்டு மணி நேரத்தில் ஒன்பது தடவைதான் விசையை அழுத்தினேன். ஒன்பதில் ஆறு நன்றாக வந்தன. மீனைத் துரத்தினால் வால்தான் கிடைக்கும்; நின்றால் அதுவே முகத்தைக் காட்டும். நான்காவது பாடம் இதுதான்.

இதைப் பரிசளிப்பு விழாவில் எதற்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் இப்போது வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டான்; யார் என்று தேட வேண்டாம். நன்றாக எழுதுவான், ஆனால் வாய் திறந்து வாசிக்க மாட்டான். நான் பயிற்சி பெற்ற ஆசிரியன் அல்லவா? விடுவேனா? தினமும் எழுப்பி நிறுத்தினேன். "வாசி! சத்தமா வாசி!" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவனுக்குத் திக்குவாய் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனிக்கிற அளவுக்கு நான் நின்றதே இல்லை. மூன்றாவது வாரம் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

லயத்து வீட்டுக்குப் போனேன். அவன் பாட்டி வாசலுக்கு வந்தார். "சார், அவன் பள்ளிக்கூடம்னா காய்ச்சல் வருதுங்கிறான்" என்றார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். அவன் சட்டையின் ஓரம் மட்டும் எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது படங்களில் வால் மட்டும் இருந்ததே, அது அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. காலடியில் முறிந்த பவளத்தின் சத்தமும் காதில் கேட்டது.

அன்றைக்கு அவனைக் கூப்பிடவில்லை. மறுநாள் மீன் படங்களைக் கொண்டு போய், பாட்டி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு திண்ணையில் பரப்பி வைத்தேன். பாட்டியிடம்தான் பேசினேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். நான்காம் நாள் அவன் கதவைத் தாண்டி வந்து, கோமாளி மீன் படத்தின் மேல் விரலை வைத்து, "இ... இதுக்குக் கொ... கொட்டாதா சார்?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர் வேலையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததுதான்.

அவன் பள்ளிக்குத் திரும்பினான். சுவரில் உள்ள படங்களுக்கடியில் இருக்கிற விளக்கங்களில் ஆறு அவன் கையெழுத்து. ஆண்டு முடிவில் வகுப்பின் முன் நின்று அவற்றை வாசித்தான். நேரம் பிடித்தது, யாரும் சிரிக்கவில்லை. அவன் எந்தப் பரிசும் வாங்கவில்லை. வாசிப்புக்குப் பரிசு வேகத்தையும் உச்சரிப்பையும் பார்த்துத்தானே கொடுக்கிறோம்?

கடைசியாக ஒன்று. 2024-ஆம் ஆண்டு மே மாத இறுதி விடுமுறையில் மீண்டும் அங்கே போனேன். 1998-லும் 2010-லும் நேர்ந்தது போல அந்த ஆண்டும் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தது. சூடு தணியாமல் வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தனக்குள் குடியிருந்து உணவும் நிறமும் தருகிற நுண்பாசியை வெளியேற்றிவிடும். எலும்பு போல வெளுத்து நிற்கும். அது உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பட்டினியால் மடியும். என் பழைய படத்தில் பழுப்பும் பச்சையுமாக இருந்த ஒரு திட்டு வெள்ளையாக நின்றது. அதையும் படம் எடுத்தேன். சுவரில் பதினோராவது படம் அதுதான். கடலின் சூட்டைத் தணிக்க நம்மால் ஒரு நாளில் முடியாது. நொந்து கிடப்பதை மேலும் மிதிக்காமல் இருக்க முடியும். பவளத்தில் காலை ஊன்றாதீர்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விரட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். முறையாக நீச்சல் கற்றுக்கொடுங்கள். கற்றுத் தேறும் வரை ஆற்றுக்கோ குட்டைக்கோ தனியே விடாதீர்கள். கடலுக்குப் போனால் உயிர்காப்புச் சட்டை கட்டாயம், கூடவே நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரும் கட்டாயம். இது முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, இன்று பரிசு வாங்காமல் வீட்டுக்கு வரப் போகிற பிள்ளையைப் பற்றியது. "ஏன் வாங்கலே?" என்று வழியிலேயே துரத்தாதீர்கள். சாப்பாடு போடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அதுவாகப் பேசும்.

மாணவச் செல்வங்களே, மீன் படங்களைப் பார்க்க வேண்டுமானால் எந்த நாளும் ஓய்வு நேரத்தில் நான்காம் ஆண்டு வகுப்புக்கு வரலாம். வீட்டிலிருக்கும் அந்த உறையையும் அடுத்த வாரம் கொண்டு வருகிறேன். வால்களை எண்ணிப் பாருங்கள்.